சிடிக்கு வைத்த சந்தனப் பொட்டு

அண்ணன் வீட்டுக் கணினி கர்ரென்று ஓர் இழுப்பு இழுத்து நின்றது. மறுபடி இழுத்தது, மறுபடி நின்றது. உள்ளே போட்ட சிடியை அதனால் படிக்க முடியவில்லை.

"பேட்டரி போச்சு," என்றார் என் அண்ணன் மாரிமுத்து. அவர் லாரி ஓட்டுகிறவர். எது ஓடாவிட்டாலும் அவருக்கு அது ஒன்றுதான் காரணம்.

பொத்தானை அழுத்தி சிடியை வெளியே எடுத்தேன். கறுப்புப் பின்னணியில் கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு பேய் என்னைப் பார்த்துச் சிரித்தது. திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய பக்கத்தில் மூன்று கோடு விபூதி. நடுவில் சந்தனம். அதன்மேல் குங்குமம். எல்லாம் காய்ந்து ஓடு தட்டிப் போயிருந்தன.

"பரிமளா, இது யாரு வேல?"

என் மனைவி பரிமளா கட்டுப்போட்ட காலைப் பிளாஸ்டிக் முக்காலியில் நீட்டிக்கொண்டு, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயுத பூஜைக்கு நாந்தான் வெச்சேன். எல்லாத்துக்கும் வெச்சேன்லா. இதுக்கு மட்டும் வெக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"வெச்சது சரி. இந்தப் பக்கம் ஏன் வெச்ச? இந்தப் பக்கத்தத்தான் அது படிக்கும்."

"அந்தப் பக்கம் பேய் இருக்கு. பேய்க்குப் போயி யாராவது பொட்டு வெப்பாங்களா?"

"அது சரிதானேடா," என்றார் அண்ணன்.

சந்தனம் பூசிய சிடியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு துணி தேட ஆரம்பித்தேன்.

போன வாரம் நான் எழுதிய பள்ளிக்கூட லாரிக் கதையைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், "கொஞ்சம் சிரிக்கிற மாதிரி எழுதுலா" என்று கேட்டிருந்தார். இதில் சிரிப்பும் இருக்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பணயமாக இருந்தது பரிமளாவின் பார்வை. அது எங்களுக்கே அப்போது தெரியாது. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.

கடைசி வரி வரை படித்தவள்

பரிமளா சிரம்பானுக்குப் பக்கத்தில் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எறும்புத் தலை அளவு உதிரிப் பாகங்களைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற வேலை. அவள் கண்ணைத் தப்பி ஒரு கீறல் வெளியே போனதில்லை என்று அவளுடைய சூப்பர்வைசரே சொல்வார்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது டிராபிக் லைட்டில் சிவப்பைத் தாண்டிப் போய்விட்டாள். குறுக்கே வந்த வேன்காரர் சட்டென்று நிறுத்தியதால் உயிர் பிழைத்தாள். இவளும் பிரேக்கை அழுத்தியதில் மோட்டார் சறுக்கி, கணுக்கால் பிசகிக்கொண்டது.

"சிவப்பே இல்ல. இருந்திருந்தா பாக்காமயா போவேன்?" வேன்காரரிடமும் இதையே சொன்னாள், கட்டுப்போட்ட நர்ஸிடமும் இதையே சொன்னாள். கிளினிக்கிலிருந்து வீடு வரும்வரை என்னிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எனக்கு அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே ஓர் உறுத்தல். சமையலறையில் மேல் அலமாரிக் கதவு திறந்திருந்தால் நேராகப் போய்த் தலையை இடித்துக்கொள்வாள். கொடியில் காயும் துணி அவள் முகத்தில் வந்து மோதும். இரண்டுக்கும் திட்டு எனக்குத்தான் விழும். கதவைத் திறந்து போட்டதும் நான், கொடியைக் கட்டியதும் நான்.

"கண்ண ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோமே," என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"எதுக்கு? பேக்டரி கிளினிக்ல எழுத்து அட்டைய கடைசி வரி வரைக்கும் படிச்சேன். நீங்க எந்த வரி வரைக்கும் படிப்பீங்க?"

நான் நடு வரியிலேயே திணறுகிறவன்.

பிறகு அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கண்ணு சரியில்லன்னு பேரு வந்துட்டா என்னை சோதனை லைன்ல வெச்சிருக்க மாட்டாங்க. பேக்கிங்குக்குத் தள்ளிருவாங்க. எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்ணுதாங்க."

விஷயம் அதுதான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வந்திருக்கப் போவதில்லை. அவள் ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் செண்டாயானில் தோட்டத்தை அழிக்கிற புல்டோசர் வந்தாலும் அசைக்க முடியாது.

வாய் இல்லாத லேப்டாப்

ஓடியாடித் திரிந்தவளை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? முதல் இரண்டு நாள் தொலைக்காட்சித் தொடர் பார்த்தாள். பிறகு தொடரில் வருகிறவர்களைத் திட்டினாள். அவர்கள் திருந்தாததால் என்னைத் திட்டினாள். ஒரு மாலையில் திடீரென்று, "அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல விளையாடுவோமே, அந்தக் கூடை விளையாட்ட விளையாடணும்போல இருக்கு," என்றாள்.

எங்கள் மகள் அரசிக்குக் கணினி என்றால் உயிர். உடனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சிடி பெரியப்பா வீட்டில் இருக்கிறது, போய் எடுத்து வரவா என்று கேட்டேன்.

"எடுத்துட்டு வந்து எங்கப்பா போடறது? இதுல சிடி போடறதுக்கு வாயே இல்ல."

எங்கேயோ தேடி, அதே விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கினாள். அதே இசை கேட்டது, அதே இரண்டு கூடைகள் திரையில் வந்தன. பரிமளா நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பிக்கிற பொத்தானைத் தட்டினாள். பழங்கள் மூட்டை அவிழ்ந்ததுபோல் கொட்டின. அவள் கையை நகர்த்துவதற்குள் ஆட்டம் முடிந்து, தோற்றுவிட்டாய் என்று ஒரு முகம் வந்து அழுதது.

"அந்தக் காலத்து கம்ப்யூட்டர் மெதுவா ஓடும்மா. அது ஓடற வேகத்துலதான் விளையாட்டும் ஓடும். இது ரொம்ப வேகமான மெஷின்," என்று அரசி விளக்கினாள். என்னென்னவோ செய்து வேகத்தைக் குறைத்தும் பார்த்தாள். அப்போது பழங்கள் விக்கி விக்கி இறங்கின. இசை ஜுரம் வந்தவன் முனகுவதுபோல் இழுத்தது.

பரிமளா லேப்டாப்பை மூடினாள். "இது நம்ம விளையாட்டு இல்ல. அண்ணன் வீட்டுல பழைய பெட்டி இருக்குலா. அங்க போவோம்."

மண்டபத்துப் பெட்டி

அண்ணன் இன்னும் நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்தில்தான் இருக்கிறார். தோட்டத்தில் பாதி இப்போது செண்டாயான் பக்கத்துப் புது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மீதிப் பாதியில் எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது. அந்தக் குலைகளை ஏற்றிக்கொண்டு போகும் லாரியைத்தான் அவர் ஓட்டுகிறார்.

அந்தக் கணினி முதலில் தோட்ட ஆபீசில் இருந்தது. ஆபீசுக்குப் புதிது வந்ததும், பழையதைக் கோயில் மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சிரம்பானில் ஒரு கணினிக் கோர்ஸ் முடித்திருந்த ஒரே தகுதியில் நான் வாத்தியாரானேன். மாலையில் வகுப்பு. ஒரே கணினியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். விண்டோஸ் தொண்ணூற்றெட்டின் நீலவானப் படம் திரையில் வந்ததும், கோயில் திரை விலகினதுபோல் எல்லாரும் முன்னால் நகர்வார்கள்.

பாடம் முடிந்ததும் விளையாட்டு. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய சிடி அது. ஒன்றில் நூறு விளையாட்டு என்று போட்டிருந்தான். சிடிமேல் அச்சடித்திருந்த பேய் வேறு ஏதோ ஒரு விளையாட்டுக்குச் சொந்தமானது. அதை நாங்கள் திறந்ததே இல்லை. எங்களுக்குக் கூடை விளையாட்டு போதும்.

விளையாட்டு எளிது. திரையின் மேல் விளிம்பிலிருந்து சிவப்புப் பழங்கள் விழும். கீழே ஆளுக்கொரு கூடை. ஒரே கீபோர்டில் ஒருவருக்கு இடப்பக்கம், ஒருவருக்கு வலப்பக்கம். யார் அதிகம் பிடிக்கிறாரோ அவர் ஜெயித்தவர். அது என்ன பழம் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்தில் எல்லாரும் ரம்புத்தான் என்றே சொன்னோம். தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும், வரிசையில் அடுத்தவர் உட்கார வேண்டும். இதுதான் மண்டபத்துச் சட்டம்.

பரிமளா தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்து வந்தாள். முதல் நாளே வாத்தியாரைத் தோற்கடித்தாள். அதன்பிறகு அவள் எழுந்ததே இல்லை. நான் தோற்பேன், எழுந்து போய் வரிசையின் கடைசியில் நிற்பேன், மறுபடி வந்து தோற்பேன். தோற்பதற்கு இவ்வளவு அவசரப்படுகிறவனை அண்ணன் அதுவரை கண்டதில்லையாம். அவராகவே ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டுப் பேசிவிட்டு வந்தார்.

நாங்கள் செனாவாங்குக்குக் குடிபோனோம். மண்டபக் கூரை ஒழுக ஆரம்பித்ததும் கணினியை அண்ணன் தம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். ஆயுத பூஜைக்கு மட்டும் நாங்கள் எல்லாரும் அங்கே கூடுவோம். அண்ணி இறந்த பிறகு பொட்டு வைக்கும் பொறுப்பு பரிமளாவுடையது. லாரிக்கு, குலை வெட்டும் அரிவாளுக்கு, மிக்சிக்கு, திரைக்கு, மௌஸுக்கு என்று வைத்துக்கொண்டே போனவள், ஒரு வருடம் சிடியையும் விடவில்லை. அதற்குப் பிறகு யாரும் அந்தக் கணினியை ஓட்டிப் பார்க்கவில்லை.

வெதுவெதுப்பான தண்ணீர்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

"மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சா போயிரும்," என்றார் அண்ணன். வேண்டாம் என்றேன். "அப்ப தின்னர்?" அதுவும் வேண்டாம் என்றேன். லாரிக்குச் செய்கிற வைத்தியத்தை விட்டால் அவருக்கு வேறு தெரியாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. பழைய வேட்டியில் கிழித்த மெல்லிய துணி. வட்டமாகத் தேய்த்தால் கீறிவிடும் என்று அரசி சொல்லி அனுப்பியிருந்தாள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, மெல்ல மெல்லத் துடைத்தேன். விபூதி உடனே போயிற்று. சந்தனம் ஊறி, பூஜை நாள் வாசனையை அறை முழுக்கக் கிளப்பிவிட்டுப் போயிற்று. குங்குமம் மட்டும் ரோஸ் நிறத்தில் லேசாகத் தங்கிவிட்டது.

பரிமளா அதை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "இங்க ஒரு முடியளவு கீறல் இருக்கு பாருங்க. ஓரத்துலதான். பாஸ் பண்ணிரலாம்லா."

எனக்கு அந்தக் கீறல் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. இவள் கண்ணையா சந்தேகப்பட்டோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கணினியை மறுபடி கிளப்பினேன். நாள் கிழமை எல்லாம் மறந்துபோய், பல வருடம் பின்னால் போய் நின்றுகொண்டு, தொடரட்டுமா என்று கேட்டது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனால் அப்படித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் அண்ணன். அவர் வாழ்நாளில் அந்த ஒரு தடவை அவர் சொன்னது சரி.

நீலவானம் வந்தது. சிடி கர்ரென்று இழுத்தது, ஆனால் இந்தத் தடவை நிற்கவில்லை. கூடை விளையாட்டின் இசை கேட்டதும் பரிமளா கட்டுப்போட்ட காலோடு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

மேலே நின்ற பழம்

முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு குஷி. எழுந்து நின்று கையை உயர்த்தினேன். கீபோர்டில் ஒரு பொத்தான் ஒட்டிக்கொள்கிறது என்றாள் பரிமளா. சரி என்று பக்கம் மாற்றிக்கொண்டோம். அதிலும் நான் ஜெயித்தேன். நாற்காலி உயரம் சரியில்லை என்றாள். அண்ணன் தலையணை கொண்டுவந்து போட்டார். மறுபடியும் நான்தான் ஜெயித்தேன்.

அப்போது என் குஷி போய்விட்டது. என் விளையாட்டு ஒன்றும் முன்னேறியிருக்கவில்லை. ஏதோ தப்பாக இருந்தது. அடுத்த ஆட்டத்தில் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். பழம் மேலிருந்து கிளம்பும்போது அவள் கை அசையவே இல்லை. பாதித் திரை இறங்கிய பிறகுதான் திடுக்கிட்டதுபோல் கூடையை நகர்த்தினாள். அதற்குள் பழம் தரைக்கு வந்துவிட்டது.

ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினேன். அவள் பக்கத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு சிவப்புப் பழம் அப்படியே நின்றது.

"கண்ண எடுக்காத. கூடையவே பாரு," என்றேன். "இப்ப பழம் எங்க இருக்கு?"

"பழமே இல்லையேலா. இன்னும் விழல."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அந்தப் பழம் பளிச்சென்று தெரிந்தது.

"பரிமளா, இப்ப மேல பாரு."

அவள் கண்ணை உயர்த்தினாள். "இது எப்ப வந்துச்சு?"

"அங்கயேதான் இருக்கு."

மறுபடி கூடையைப் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். நாலைந்து தடவை அப்படிச் செய்தாள். பார்த்தால் இருக்கிறது, பார்க்காவிட்டால் இல்லை. நமக்கெல்லாம் கூடையைப் பார்க்கும்போதே மேலே இருப்பதும் மங்கலாகத் தெரியும். அவளுக்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த லைட்டு சிவப்பாத்தாங்க இருந்திருக்கும்," என்றாள்.

நான் பயந்துபோனேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் தோளில் கை வைத்தேன். அண்ணன் தேநீர் போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

டாக்டரின் பெட்டி

மறுநாளே சிரம்பானில் ரஹாங் பகுதியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை அவள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

டாக்டர் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மினுங்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பரிமளா உற்சாகமாகிவிட்டாள். முடிந்து வெளியே வந்ததும், "எத்தன புடிச்சேன்?" என்றாள்.

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். மேல் பாதியில் பெரிய பகுதி கறுப்பாக இருந்தது.

"இன்னொரு தடவ வெச்சுப் பாக்கலாமா, டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை, நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது. வலியில்லாமல் ஓரத்திலிருந்து பார்வையை அது தின்றுகொண்டு வருகிறது. நேராகப் பார்ப்பது கடைசிவரை நன்றாக இருக்கும் என்பதால், கிளினிக் எழுத்து அட்டையில் பிடிபடாது. போனது திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் அதுவும் கஷ்டம்.

"லைன்ல வேல பாக்கலாமா?"

"பாக்கலாம். நேராப் பாக்கற வேலதானே. மோட்டார் மட்டும் வேணாம்."

வேலைக்காக அத்தனை மாதம் பயந்தவள், வேலை தப்பியதற்குச் சந்தோஷப்படவில்லை. மோட்டார் போனதுதான் அவளை உலுக்கியது. வீட்டுக்கு வந்ததும் மோட்டார் சாவியை எடுத்து அரசி கையில் கொடுத்தாள்.

கால் குணமாகி, தொழிற்சாலை வேனில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வேளை தவறாமல் மருந்து விட்டேன். ஆனால் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. அலமாரிக் கதவை நான் திறந்து போட்டாலும் திட்டு விழவில்லை. பேசாமல் சாத்திவிட்டுப் போனாள். இவ்வளவு நல்லவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பார்வையைக் காப்பாற்றிவிட்டு ஆளை விட்டுவிட்டேனோ என்று தோன்றியது.

சில மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அண்ணன் வீட்டுக்குப் போவோம்," என்றாள். என்ன விஷயம் என்றேன். "சும்மாதான்" என்றாள்.

போனதும் நேராகக் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டினாள். உட்கார்ந்தேன். விட்டுக்கொடுத்து விளையாடலாம் என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

"விட்டுக்குடுத்தா தெரியும் எனக்கு," என்றாள், திரும்பாமல்.

நீலவானம் வந்தது, இசை வந்தது. பழம் விழ ஆரம்பித்தது. முதல் பழத்தைப் பிடித்தாள். இரண்டாவதையும் பிடித்தாள். நான் என் கூடையைப் பார்த்தேன், பழத்தைப் பார்த்தேன், மறுபடி கூடையைப் பார்த்தேன், அதற்குள் ஒன்று தவறியது. அவள் கை தயங்கவில்லை. பழம் கிளம்பும்போதே கூடையும் கிளம்பியது. மண்டபத்தில் வரிசையில் நின்று நான் பார்த்த அதே வேகம் இல்லை. ஆனால் என்னைத் தோற்கடிக்க அது போதும்.

தோற்றேன். அடுத்ததிலும் தோற்றேன். மூன்றாவதில் முழு மூச்சாக விளையாடியும் தோற்றேன். "எந்திரிங்க, எந்திரிங்க, அடுத்தது அண்ணன்," என்று என்னை விரட்டினாள். அவள் குரலில் பழைய அதட்டல் திரும்பியிருந்தது. நாற்காலியை அண்ணனுக்கு விட்டுவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன்.

அங்கே நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, கண்ணை மேல் விளிம்பிலேயே வைத்திருந்தாள். ஆட்டம் முழுக்கக் கண் அங்கிருந்து இறங்கவே இல்லை.

"கூடையப் பாக்கவே மாட்டேங்கறியே," என்றேன்.

"கூடை என் கையில இருக்கு. அத எதுக்குப் பாக்கணும்?"